திருவிதாங்கோட்டுக் கல்வெட்டும் இல்லத்து இரவும்

நாஞ்சில் நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளைப் பயில்வோர், இரவு பற்றிய செய்தியாக அவற்றுள் பெரிதும் காண்பது விளக்கேயாகும். சுசீந்திரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இறைவன் திருமுன் நந்தாவிளக்கு எரிதற்குப் பொன்னும் நிலமும் கால்நடையும் அளித்தோர் பலர். ஆனால் அவ்விளக்கை ஏற்றச் செய்த மாந்தர், தம் இல்லத்துக் கதவை அடைத்துப் படுத்தபின் அச்சமின்றித் துயின்றனரா என்னும் வினாவுக்குக் கல்வெட்டுகளில் விடை காண்டல் அரிது. அரிதாகக் கிடைக்கும் விடை ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ளது. கொல்லம் 871ஆம் ஆண்டு தைத் திங்கள் 25ஆம் நாள், அஃதாவது கி.பி. 1696இன் தொடக்கத்தில், வேணாட்டரசர் வீரகேரள வர்மர் பிறப்பித்த ஆணையைக் கூறும் கல்வெட்டு அது. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்னும் இரண்டும் இனி நிகழலாகாது என்பது அதன் கருத்து.

பெயரை முதற்கண் விளக்குதல் வேண்டும். 'பேடி' என்பது இன்றைய தமிழில் வேறு பொருள் தரும். மலையாளத்தில் அச்சம் என்பதே பொருள். பே, நாம், உரும் என்பன அச்சப் பொருளுடையன எனத் தொல்காப்பிய உரியியல் கூறுதலை நினைந்து இதனையும் 'பே' என்பதனோடு இயைக்க விரும்புவோர் இருக்கலாம். இயைபு உண்டு என்று யாம் ஈண்டு வற்புறுத்தவில்லை. புலையரால் நேரும் அச்சம், மண்ணாரால் நேரும் அச்சம் என்பதே இத்தொடர்களின் பொருள் என்று கொண்டால் போதும். மண்ணார் என்போர் ஆடை வெளுக்கும் தொழிலினர்.

வழக்கத்தின் இயல்பைத் தெளிவாக எழுதிவைத்தவருள் முற்பட்டவர், கண்ணூரில் வாழ்ந்து மலையாளம் பயின்ற போர்த்துக்கீசியராகிய துவார்த்தே பர்போசா. அவர் நூல் 1516ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. ஆண்டின் சில திங்களில், இரவுப் பொழுதில், நாயர் குடிப் பெண்டிரைத் தீண்டுதற்குப் புலையர் முயல்வர் என்றும், அதனைத் தமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு மறுதீங்காகச் செய்வர் என்றும் அவர் கூறுகிறார். கையால் தொடுதலும் வேண்டா. கல்லோ கோலோ எறிந்து மேலே பட்டாலும் தீண்டியதே ஆகும். கண்டவர் ஒருவரும் இல்லை யாயினும் அப்பெண் தானே கூவி அறிவித்து, மீண்டும் இல்லம் புகாமல் நீங்கிவிடுவாள். உறவினர் கொன்றுவிடுவர், அல்லது அயலார்க்கு விற்றுவிடுவர் என்று அஞ்சித் தாழ்ந்தோர் எனப்பட்டவர் குடிசையிலேயே அவள் ஒளிந்து கொள்வாள்.

பர்போசா கண்டது வட மலையாளம். அவ்வழக்கம் தெற்கே எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதை உணர்த்துவது நம் கல்வெட்டு. தோவாளை முதல் கண்ணேற்றி வரை, கடலுக்கும் மலைக்கும் இடைப்பட்ட நிலம் முழுதும் ஆணைக்கு உட்பட்டது. தோவாளையை எல்லையாகக் கூறியதனால் நாஞ்சில் நாடும் அதனுள் அடங்கிற்று. கடலும் மலையும் எல்லையாகக் கூறப்படும் அவ்விடைநிலத்தில், ஒரு பெண் தன் அடுக்களைப் புறத்தும் கிணற்றடியிலும் தொழுவத்திலும் தனியே நிற்க அஞ்சிய நிலை இருந்தது என்று கொள்ளுதல் தவறாகாது. அவ்வச்சம் அங்கு இல்லாதிருந்தால் ஆணைக்கு அவ்வெல்லையைக் கூறியிருக்க வேண்டுவதில்லை. வழக்கம் நிகழ்ந்தது கர்க்கடக மாதம், அஃதாவது ஆடித் திங்கள் என்பாரும் உளர். அது கன்னிப்பூ அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதம். பத்தாயத்தில் நெல் குறைந்து, வயலில் வேலையும் குறைந்து, அடிமைக் குடிகள் பசித்திருந்த காலம். துணைக்கு ஓர் ஆண் குழந்தை உடனிருப்பினும் பேடி செல்லாது என்ற வாய்மொழி மரபும் உண்டு. சிறுவன் ஒருவனால் எவரையும் தடுத்தல் இயலாது. ஆகவே இவ்வழக்கம் வலிமையைப் பொறுத்ததன்று, விதியைப் பொறுத்தது என்பது புலனாகும்.

கள்வர்க்கு அஞ்சும் இரவு வேறு. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நூலேணியோடு திரியும் கள்வரையும், அவரைத் தேடி நள்ளிரவில் மழையிலும் சோர்வின்றி வரும் ஊர்காப்பாளரையும் காட்டுகின்றார். அங்கே கவலை மனையின் உள்ளிருக்கும் பொருளைப் பற்றியது. காவலும் தாழும் அதற்குப் போதும். வேணாட்டுத் தென்பகுதி போரையும் அறியாததன்று. கல்வெட்டு எழுந்த காலத்தை ஒட்டியே, மங்கம்மாள் ஆட்சியில், மதுரைப் படை நாஞ்சில் நாட்டில் புகுந்தது. போர் கடந்து செல்லும். பேடியோ ஆண்டுதோறும் திங்கள் குறித்து வருவது. அதற்குத் தாழ் பயன்படாது. ஏனெனில் அஞ்சத்தக்கவர் வெளியில் நிற்பவர் மட்டும் அல்லர். கல் ஒன்று மேலே பட்ட மகளை உள்ளே புகவிடாது கதவை அடைப்பவர் அவள் உடன்பிறந்தாரும் மாமன்மாருமே. தாய்வழிக் குடிகளில் இல்லம் பெண்ணுக்கு உரியது. அவளை அவ்வில்லத்தினின்றும் ஒரே இரவில் உரிமையற்றவளாக்கி நீக்க வல்லதாய் இருந்தது இத்தீண்டல் ஒன்றே. வேண்டாத மகளிரை விலக்க இது கருவியாயிற்று என்று கருதுவோர் உளர். சான்று காட்டுதல் எளிதன்றாயினும் புறக்கணிக்கத்தக்க கருத்தன்று.

இனி ஆணையின் இரு கூறுகளையும் நோக்குவோம். முதற்கூறு தண்டம். ஆணையை மீறும் புலையரும் மண்ணாரும் கொல்லப்படுவர். அக்குடியில் வயிற்றுக் குழவியும் விலக்கப்படாது. இரண்டாம் கூறு மிகச் சுருங்கியது. தீண்டப்பட்ட பெண் நீராடிக் கரையேறினால் குற்றமில்லை.

கல்வெட்டைக் குறிப்பிடும் நூல்கள் இதனைச் சீர்திருத்த ஆணை என்று பாராட்டி அமைகின்றன. பாராட்டு தவறன்று, எனினும் இரு கூறுகளும் ஒரே தன்மையுடையன என்று எண்ணுதல் பிழை என்பது எம் கருத்து. இரண்டாம் கூறே அச்சத்தின் வேரைத் தொடுவது. ஒரு முழுக்கால் தீருமாயின் அத்தீட்டு நாள்தோறும் நேரும் எளிய தீட்டுகளோடு ஒன்றாகிவிடும். மகளும் இல்லம் திரும்புவாள். மறுதீங்கு செய்ய எண்ணியவனுக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை. அரசர் இம்முழுக்கை மட்டும் விதித்திருப்பினும் வழக்கம் பயனற்று ஒழிந்திருக்கும். குழவியையும் விடாத கொலைத் தண்டம் எதற்கு? மேற்குடியினர் தம் மகளிரை மீண்டும் ஏற்பதற்கு அவர்க்குக் கொடுத்த விலை அது என்றே தோன்றுகிறது. இது ஊகமே, ஆயினும் கல்வெட்டின் அமைப்பு இவ்வூகத்திற்கு இடந்தருகிறது.

மண்ணார் நிலை மேலும் வியப்புக்குரியது. மலையாள வழக்கில் பூப்புத் தீட்டும் மகப்பேற்றுத் தீட்டும் நீங்குதற்கு அக்குடிப் பெண் கொணரும் மாற்றாடை இன்றியமையாதது. பகலில் அவள் கை தந்த துணி தூய்மை செய்யும்; இரவில் அவள் கணவன் எறிந்த கல் குலத்தினின்றே நீக்கும். இவ்விரண்டும் ஒரே ஊரில், ஒரே குடிகளுக்கிடையே நடந்தன.

ஆணையிட்ட அரசர் வேற்றிடத்தினின்று வந்த கோட்டயம் கேரள வர்மர் என்றும், அவர் அதே 1696இல் அரண்மனையருகே பகைவரால் கொல்லப்பட்டார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இவ்வாணையால் எழுந்த சினமே காரணம் எனச் சிலர் கூறுவது சான்றால் நிறுவப்படாதது. அதனை விடுத்துச் செல்வோம்.

முதற்கூறு யாரைக் குறித்து எழுந்ததோ அவர்தம் இரவு எத்தகையது என்பதையும் கூறாமல் விடல் ஆகாது. புலையர் வயல் வரம்பில் இட்ட சிறு மாடங்களில் வாழ்ந்தனர். விளைந்த நெல்லை இரவில் விலங்கினின்றும் கள்வரினின்றும் காத்தல் அவர் கடமைகளுள் ஒன்று. நிலவுடைமையாளர் உள்ளே துயில, அவர் சோற்றுக்காகும் நெல்லுக்குக் காவலாய் வெளியே விழித்திருந்தோர் இவரே. தம் மாடத்திலோ அவர் உறங்குதற்கு உறுதி இல்லை. நிலத்தோடு விற்கப்படுதலும், மனைவி மக்கள் வேறு வேறு உடையாரிடம் பிரிக்கப்படுதலும் அந்நாளில் இயல்பு. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது 1855 ஜூன் 24ஆம் நாள். திருவிதாங்கோட்டுக் கல்வெட்டுக்கும் அதற்கும் இடையே 159 ஆண்டுகள். முன்னையதில் இல்லத்து மகளிர்க்கு வழங்கப்பட்ட துயில், பின்னையது வரும்வரை மாடத்து மகளிர்க்கு எவ்வாணையாலும் உறுதி செய்யப்படவில்லை.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் ஆராய்ந்த அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளுள் அடிமை விற்பனை முறிகளும் உள. நாஞ்சில் நாட்டு நிலமும் வரியும் பற்றி ஆராய்வோர் அவ்வோலைகளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். விற்கப்பட்டோர் ஆணா பெண்ணா, தாயோடு சேயும் சேர்த்து எழுதப்பட்டதா, 871ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் அவற்றில் வேறுபாடு உண்டா என்று அவற்றைக் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தீண்டலால் இல்லம் இழந்து, பர்போசா கூறுவது போல் விற்கப்பட்ட மகளிருள் எவரேனும் அவ்வோலைகளில் இடம்பெற்றுள்ளனரா என்பதும் அங்குத் தேடத் தக்கது.