நிகழ்பட ஆட்ட மாற்றியமைப்புப் பிணக்குகள்

நிகழ்பட ஆட்ட மாற்றியமைப்புப் பிணக்குகள் என்பவை, கணினி மற்றும் நகர்பேசி ஆட்டங்களைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் பயனர்களுக்கும் அவ்வாட்டங்களை வெளியிடும் நிறுவனங்களுக்கும் இடையே எழும் சட்ட, தொழில்நுட்ப, அறநெறிச் சிக்கல்கள் ஆகும். இவை பெரும்பாலும் இரு கேள்விகளைச் சுற்றி அமைகின்றன. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு என்பது முதலாவது. ஆட்டத்தைக் காக்கும் பொருட்டு, ஆடுபவரின் கணினியில் உள்ள தரவுகளை வெளியீட்டாளர் எந்த அளவுக்கு ஆராயலாம் என்பது இரண்டாவது. இந்தியாவில் பப்ஜி மொபைல் ஆட்டம் 2020இல் தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து இரண்டாவது கேள்வி பொதுமக்களிடையே பரவலாகப் பேசப்பட்டது.

சொற்பொருள்

மாற்றியமைப்பு (பேச்சு வழக்கில் மோட்) என்பது ஓர் ஆட்டத்தின் படங்கள், ஒலிகள், களங்கள், விதிகள் அல்லது நிரலை மாற்றும் கோப்புகளின் தொகுதி ஆகும். இதனை உருவாக்குபவர் மாற்றியமைப்பாளர் (மோடர்) எனப்படுவார். இதனோடு அடிக்கடி குழப்பிக் கொள்ளப்படும் வேறு இரண்டு உண்டு.

- ஏமாற்று நிரல்: பிறரோடு ஆடும்போது முறையற்ற சாதகம் பெறப் பயன்படுவது. சுவருக்கு அப்பால் உள்ள எதிரியைக் காட்டுதல், தானாகக் குறிபார்த்தல் போன்றவை இதில் அடங்கும்.
- பூட்டுடைப்பு நிரல்: பணம் செலுத்தாமல் ஆடுவதற்காகப் பாதுகாப்புப் பூட்டை நீக்குவது.

மூன்றுக்கும் நோக்கம் வேறாயினும் தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றே. மூன்றும் ஆட்டத்தின் கோப்புகளையோ நினைவகத்தில் உள்ள மதிப்புகளையோ மாற்றுகின்றன. ஏமாற்று நிரலைத் தடுக்க எடுக்கப்படும் நடவடிக்கை தனியாக ஆடும் ஒருவரின் மாற்றியமைப்பையும் பாதிப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

பின்னணி

1993இல் வெளியான டூம் ஆட்டத்தில், ஆட்டத்தின் இயந்திரமும் களம், படம், ஒலி ஆகியவற்றைக் கொண்ட தரவுக் கோப்பும் தனித்தனியே வைக்கப்பட்டிருந்தன. இதனால் மூல நிரலைத் தொடாமலேயே புதிய களங்களைப் பயனர்கள் உருவாக்க முடிந்தது. ஆஃப்-லைஃப் ஆட்டத்தின் மாற்றியமைப்பாக 1999இல் தோன்றிய கவுண்டர்-ஸ்டிரைக், அடுத்த ஆண்டே வால்வு நிறுவனத்தின் வணிகப் படைப்பாக வெளியானது. வார்கிராஃப்ட் 3 ஆட்டத்தின் மாற்றியமைப்பான டோட்டா ஒரு புதிய ஆட்ட வகையையே தோற்றுவித்தது.

இவ்வாறு மாற்றியமைப்பாளரின் ஊதியமற்ற உழைப்பால் வெளியீட்டாளர்கள் பெரும் பயன் அடைந்தனர். எனினும் ஆட்டங்கள் இணையத்தோடு இணைக்கப்பட்டு, ஆட்டத்தினுள்ளேயே பொருள்கள் விற்கப்படத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஓர் ஆடையையோ ஆயுதத்தையோ மாற்றியமைப்பு இலவசமாகத் தருமானால் அது நேரடி வருவாய் இழப்பாகக் கருதப்பட்டது. ஆட்டம் வெளியீட்டாளரின் வழங்கியில் இயங்குவதால், பயனரின் கணக்கை முடக்கும் ஆற்றலும் அவர்களுக்குக் கிடைத்தது.

கட்டுப்பாடு தொடர்பான வழக்குகள்

இத்துறையின் முன்னோடித் தீர்ப்புகள் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்பட்டவை.

கலூப் எதிர் நிண்டெண்டோ (1992): கேம் ஜீனி என்னும் கருவி, நிண்டெண்டோ ஆட்டங்களில் உயிர்களின் எண்ணிக்கை, வேகம் போன்றவற்றைத் தற்காலிகமாக மாற்ற உதவியது. இது பதிப்புரிமையை மீறவில்லை என ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றம் எங்கும் நிலையாகப் பதியப்படாததால், அது வழிவந்த படைப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

மைக்ரோ ஸ்டார் எதிர் ஃபார்ம்ஜென் (1998): டியூக் நியூக்கெம் 3டி ஆட்டத்துக்குப் பயனர்கள் உருவாக்கிய 300 களங்களை மைக்ரோ ஸ்டார் நிறுவனம் குறுவட்டில் தொகுத்து விற்றது. அதே நீதிமன்றம் இம்முறை இதனைப் பதிப்புரிமை மீறல் எனக் கண்டது. களங்களை உருவாக்கும் கருவியை வெளியீட்டாளரே ஆட்டத்துடன் வழங்கியிருந்தார். ஆனால் உருவாக்கியவற்றை விற்க உரிமம் இடமளிக்கவில்லை.

பிநெட்டி வழக்கு (2005): பிலிசார்ட் நிறுவனத்தின் பேட்டில்.நெட் வழங்கிக்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள் பிநெட்டி ஆகும். மறுதலைப் பொறியியல் மூலம் இதனை உருவாக்கியது உரிம ஒப்பந்தத்தையும் பூட்டுடைப்புத் தடைச் சட்டத்தையும் மீறியது என எட்டாம் சுற்று நீதிமன்றம் முடிவு செய்தது.

எம்டிஒய் எதிர் பிலிசார்ட் (2010): வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தைத் தானாக ஆடும் கிளைடர் என்னும் நிரல் பற்றிய வழக்கு. பயன்பாட்டு விதியை மீறுவதெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது என நீதிமன்றம் கூறியது. ஆயினும் பிலிசார்டின் கண்காணிப்பு நிரலைத் தாண்டிச் செல்ல உதவியது குற்றமே எனத் தீர்த்தது.

சோனி எதிர் டேட்டல் (2024): ஆட்டத்தின் நிரலை மாற்றாமல், அது இயங்கும்போது நினைவகத்தில் வைக்கும் மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது, கணினி நிரல் பாதுகாப்பு ஆணையின் கீழ் பதிப்புரிமை மீறல் அன்று என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது.

எல்லாப் பிணக்குகளும் நீதிமன்றத்தில் முடிவதில்லை. 2017 சூன் மாதத்தில் டேக்-டூ நிறுவனம், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ மாற்றியமைப்பாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த ஓப்பன்ஐவி கருவியை நிறுத்துமாறு அறிவிப்பு அனுப்பியது. ஆடுபவர்கள் பல்லாயிரக்கணக்கில் எதிர்மறைக் கருத்துகளைப் பதிவு செய்தனர். சில நாட்களிலேயே, தனியாள் ஆட்டத்துக்கான வணிக நோக்கற்ற மாற்றியமைப்புகள் மீது பொதுவாக நடவடிக்கை எடுக்கப்படாது என ராக்ஸ்டார் அறிவித்தது. கருவியும் மீண்டும் கிடைத்தது. 2020இல் வெளியான வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு ஆட்டத்தின் விதிகள், பயனர் உருவாக்கும் ஆட்டங்கள் யாவும் பிலிசார்டுக்கே உரியவை எனக் கூறின. டோட்டா கையை விட்டுப் போன அனுபவத்தின் எதிரொலியாக இது பரவலாகக் கருதப்பட்டது.

தரவுத் தனியுரிமை தொடர்பான பிணக்குகள்

மோசடித் தடுப்பு மென்பொருள் செயல்படும் முறை

ஆட்டம் இயங்கும்போது உடன் இயங்கும் தடுப்பு மென்பொருள், நினைவகத்தில் உள்ள நிரல்களின் பட்டியல், திறந்துள்ள சாளரங்களின் தலைப்புகள், கோப்புகளின் சுருக்கக் குறிகள் போன்றவற்றைத் திரட்டி, அறியப்பட்ட ஏமாற்று நிரல்களின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஏமாற்று நிரல்கள் ஆழமாக ஒளிந்துகொள்ளத் தொடங்கியதால், தடுப்பு மென்பொருளும் இயக்குதளத்தின் கருனி (கெர்னல்) மட்டம் வரை சென்றது. அம்மட்டத்தில் இயங்கும் மென்பொருளால் கணினியில் உள்ள எதனையும் காண இயலும். அது எதனைக் காண்கிறது என்பதைப் பயனரால் எளிதில் அறிய இயலாது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

- வார்டன் (2005): பிலிசார்டின் இக்கண்காணிப்பு நிரல், திறந்துள்ள எல்லாச் சாளரங்களின் தலைப்புகளையும் படிப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் கிரெக் ஹோக்லண்ட் வெளிப்படுத்தினார். ஆட்டத்துக்குத் தொடர்பற்ற மின்னஞ்சல் முகவரிகளும் இணையப் பக்கப் பெயர்களும் அதில் அடங்கக்கூடும். மின்னணு எல்லை நிறுவகம் (இஎஃப்எஃப்) இதனை உளவு மென்பொருள் எனக் கண்டித்தது. அதே ஆண்டு சோனி பிஎம்ஜி இசைவட்டுகளில் மறைத்து வைத்திருந்த மென்பொருளின் துணைகொண்டு, ஏமாற்று நிரல்களை வார்டனின் பார்வையிலிருந்து சிலர் ஒளித்தனர்.
- வால்வு (2014): அந்நிறுவனத்தின் தடுப்பு மென்பொருள், கணினியின் களப்பெயர் நினைவகத்தை ஆராய்வது தெரிய வந்தது. ஏமாற்று நிரல் விற்போரின் வழங்கிகளை மட்டுமே தேடியதாகவும், பயனர் சென்ற தளங்களின் வரலாறு தங்களுக்கு அனுப்பப்படவில்லை என்றும் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் விளக்கமளித்தார். இச்சோதனையால் 570 பேர் பிடிபட்டதாகவும் அவர் கூறினார்.
- ஃபிளைட் சிம் லேப்ஸ் (2018): பறப்பு ஒப்புருவாக்கிக்குக் கூடுதல் விமானங்கள் செய்து விற்ற இந்நிறுவனம், திருட்டுப் படியைப் பயன்படுத்துவோரைப் பிடிப்பதற்காகக் குரோம் உலாவியின் கடவுச்சொற்களை எடுக்கும் நிரலை நிறுவியில் சேர்த்திருந்தது. எதிர்ப்புக்குப் பின் அது நீக்கப்பட்டது.
- ரெட் ஷெல் (2018): எந்த விளம்பரத்தைப் பார்த்தவர் ஆட்டத்தை வாங்கினார் என்பதைக் கண்டறியும் இந்நிரல் பல ஆட்டங்களில் அறிவிப்பின்றி இடம்பெற்றிருப்பதை ஆடுபவர்களே கண்டறிந்தனர். பல வெளியீட்டாளர்கள் அதனை நீக்கினர்.
- வான்கார்டு (2020): வாலரண்ட் ஆட்டத்துடன் ரயட் நிறுவனம் வெளியிட்ட இம்மென்பொருள், ஆட்டம் ஆடாதபோதும் கணினி தொடங்கும் நேரத்திலிருந்தே கருனி மட்டத்தில் இயங்கியதால் விமர்சிக்கப்பட்டது.
- மைன்கிராஃப்ட் (2022): 1.19.1 பதிப்பில் உரையாடல்கள் மீது முறைப்பாடு செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. தனியார் வழங்கியில் பேசியதற்காகவும் ஒருவர் எல்லாப் பல்லாள் ஆட்டங்களிலிருந்தும் விலக்கப்படலாம் என்பதால், இவ்வசதியைச் செயலிழக்கச் செய்யும் மாற்றியமைப்புகள் உடனே தோன்றின.

மாற்றியமைப்புகளால் வரும் ஆபத்து

தனியுரிமைக்கான அச்சுறுத்தல் வெளியீட்டாளரிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2015 மே மாதத்தில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5க்கான ஆங்கிரி பிளேன்ஸ், நோகிளிப் ஆகிய மாற்றியமைப்புகளில் விசைப்பதிவுகளைத் திருடும் தீநிரல் இருந்தது. 2023 சூன் மாதத்தில் பிராக்சரைசர் எனப் பெயரிடப்பட்ட தீநிரல், கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருந்த மைன்கிராஃப்ட் மாற்றியமைப்புகள் வழியே பரவிப் பயனர் கணக்குகளின் நுழைவுத் தரவுகளைக் கவர்ந்தது. இரு நிகழ்விலும் தீநிரலைக் கண்டறிந்து எச்சரித்ததில் மாற்றியமைப்பாளர் குழுமங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தியாவில்

பப்ஜி மொபைல் தடையும் அதன் பின்னரும்

2020 செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. பயனர் தரவுகள் நாட்டுக்கு வெளியே உள்ள வழங்கிகளுக்கு அனுமதியின்றி அனுப்பப்படுவதாக வந்த முறைப்பாடுகள் காரணமாகக் கூறப்பட்டன. அதுவரை இந்தியாவில் இவ்வாட்டத்தை வெளியிட்டது சீனாவின் டென்சென்ட் நிறுவனம் ஆகும்.

ஆட்டத்தின் உரிமையாளரான தென் கொரியாவின் கிராஃப்டன், 2021 சூலை 2 அன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் பெயரில் அதனை மீண்டும் வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதத்தில், முன்னோட்டப் பதிப்பு சீனாவில் உள்ள வழங்கிகளுக்குத் தரவு அனுப்புவதாக ஊடகச் செய்தி வெளியானது. செயலியின் இணையப் போக்குவரத்தை நோக்கியே இது கண்டறியப்பட்டது. நிறுவனம் விளக்கம் அளித்து, இற்றைப்படுத்தலையும் வெளியிட்டது. 2022 சூலை 28 அன்று அரசின் ஆணையால் செயலி மீண்டும் அங்காடிகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மூன்று மாதச் சோதனை அனுமதியுடன் திரும்பியது.

தடைக் காலங்களில் பலர் அங்காடிக்கு வெளியே கிடைத்த நிறுவற்கோப்புகளை நாடினர். மோட் ஏபிகே எனப்படும் மாற்றப்பட்ட நிறுவற்கோப்புகளும், விலை குறைந்த பேசிகளில் ஆட்டம் தடையின்றி ஓட வரைகலை அமைப்புகளை மாற்றும் துணைச் செயலிகளும் அவ்வாறே புழங்குகின்றன. அனுமதியற்ற வெளி மென்பொருள்களை ஆட்டத்தின் விதிகள் தடை செய்வதால் இவற்றைப் பயன்படுத்துபவர் கணக்கை இழக்கக்கூடும். மூலம் அறியாத நிறுவற்கோப்பு, பேசியில் உள்ள தொடர்புகள், குறுஞ்செய்திகள் போன்றவற்றைக் கவரும் வாய்ப்பும் உண்டு.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கணினி நிரலைத் தழுவி மாற்றும் உரிமையை உரிமையாளருக்கே அளிக்கிறது. எனினும் அதன் 52ஆம் பிரிவு, நிரலின் படியை முறைப்படி வைத்திருப்பவர் அதன் செயற்பாட்டைக் கவனித்து ஆராயவும், வேறொரு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறவும் விலக்களிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு பூட்டுடைப்பைத் தண்டிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். இவ்வகையில் இது அமெரிக்கச் சட்டத்தைவிட நெகிழ்வானது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளர் அனுமதியின்றி அதிலுள்ள தரவை எடுப்பவரை இழப்பீட்டுக்கு உள்ளாக்குகிறது. இது வழங்கியில் ஊடுருவும் பயனருக்குப் பொருந்துவதைப் போலவே, பயனரின் கணினியை ஆராயும் வெளியீட்டாளருக்கும் பொருந்தும். அதனால்தான் உரிம ஒப்பந்தத்தில் "ஏற்கிறேன்" என்னும் ஒற்றைச் சொடுக்கு இத்தனை முதன்மை பெறுகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் வழிவந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2023), ஒப்புதல் தன்விருப்பமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்றும், அந்நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கே அது பொருந்தும் என்றும் கூறுகிறது. 18 வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆடுபவர்களில் மாணவர் மிகுதி என்பதால் இவ்விதி நிகழ்பட ஆட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதக் காலக்கெடு தரப்பட்டது.

இரு தரப்பு வாதங்கள்

வெளியீட்டாளர் தரப்பு: ஏமாற்றுபவர் பெருகினால் நேர்மையாக ஆடுபவர் விலகுவர். தடுப்பு மென்பொருள் எதனைத் தேடுகிறது என வெளியிட்டால் ஏமாற்றுவோர் அதனைத் தவிர்த்துவிடுவர். எனவே ஓரளவு மறைவு தேவை. ஆட்டத்தின் பெயரும் கதைமாந்தரும் நிறுவனத்தின் உழைப்பின் விளைவு.

மாற்றியமைப்பாளர் தரப்பு: தனியாக ஆடும் ஆட்டத்தில் யாரையும் ஏமாற்ற இயலாது. மாற்றியமைப்பே ஆட்டத்தின் ஆயுளை நீட்டிக்கிறது, பிழைகளைத் திருத்துகிறது, நிறுவனம் கைவிட்ட மொழிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆட்டத்தைக் கொண்டு செல்கிறது. வாங்கும்போது இல்லாத கண்காணிப்பைப் பின்னர் இற்றைப்படுத்தல் வழியே சேர்ப்பது உண்மையான ஒப்புதல் ஆகாது. ஏற்க மறுத்தால் ஆட்டத்தையே இழக்க நேர்கிறது.

இணக்க முயற்சிகள்

2011இல் வால்வு தொடங்கிய ஸ்டீம் பட்டறை, மாற்றியமைப்புகளை முறைப்படிப் பகிர வழி செய்தது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் ஆட்டத்தின் மாற்றியமைப்புகளை விற்கும் திட்டம் அறிமுகமானது. விலையில் 25 விழுக்காடு மட்டுமே உருவாக்கியவருக்குக் கிடைத்தது. கடும் எதிர்ப்பால் சில நாட்களில் அது கைவிடப்பட்டது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 ஆட்டத்தைத் தனி வழங்கிகளில் ஆட உதவும் ஃபைவ்எம் உருவாக்குநர்களின் கணக்குகளை 2015இல் முடக்கிய ராக்ஸ்டார், 2023 ஆகத்தில் அக்குழுவைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது. மைன்கிராஃப்ட் ஆட்டத்தின் மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களுக்குத் திறந்துவிடப்பட்டதால், ஜாவா பதிப்பின் இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது.

இவற்றையும் பார்க்க

- கட்டற்ற மென்பொருள்
- பதிப்புரிமை
- மறுதலைப் பொறியியல்
- தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000
- தனியுரிமை