பேரேட்டிலிருந்து மையக் கணினிக்கு: பழைய மென்பொருளுக்கு விடை கொடுத்த கதை

முன்னுரை

திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்தின் பெயரிலேயே ஒரு தபால் நிலையம் இருக்கிறது. அதன் அஞ்சல் குறியீட்டு எண் 606603. இந்தப் பகுதிக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆண்டு முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டமும் இந்த வழியாகத்தான் போகும். மதுரையில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் இன்று இங்கே ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துக்கொண்டு நடக்கிறார். 1990-களில் பெரும்பாலானவர்களுக்கு இது முடியாது. எந்தக் கிளையில் பணம் போட்டார்களோ அங்கேதான் எடுக்க வேண்டும். இந்த நிலை மாற வேண்டுமானால், கிளைதோறும் ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளை முதலில் நிறுத்தியாக வேண்டியிருந்தது.

முதல் இயந்திரங்கள்

இந்திய வங்கிகள் 1980-கள் வரை தடித்த பேரேடுகளில் கையால் கணக்கு எழுதின. கணினி வந்தால் வேலை போய்விடும் என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். 1983-ல் வங்கிகளும் ஊழியர் சங்கங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்த பிறகே இயந்திரங்களுக்கு வழி பிறந்தது. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு, 1984-ல் தன் அறிக்கையைத் தந்தது. அதன்பின் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் கிளைகளுக்கு வந்தன. 1989-ல் அவரது இரண்டாவது குழு அறிக்கை தந்தது. 1993-ல் சங்கங்களுடன் இன்னொரு ஒப்பந்தம் ஆயிற்று.

வேகம் கூட்டியவர் ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல். 2001 ஜனவரி 1-க்குள் வங்கிகள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். கணக்கு கணினியில் இருந்தால் தில்லுமுல்லு செய்வது கடினம் என்பது அவர் எண்ணம்.

கிளைக்கு ஒரு கணினி, கிளைக்கு ஒரு செலவு

இப்படி வந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக ஓடின. ஸ்டேட் வங்கியில் அதன் பெயர் பேங்க்மாஸ்டர். கிளைக்கு ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ்., ஒரு பராமரிப்பு ஒப்பந்தம், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஊழியர். ராத்திரி கணக்கு முடித்து நகல் எடுப்பதும் அங்கேயேதான். மென்பொருளில் சின்னத் திருத்தம் வந்தாலும் ஒவ்வொரு கிளையிலும் அதைத் தனியாக ஏற்ற வேண்டும்.

ஒரு கிளையின் கணக்கில் இது சிறிய தொகைதான். ஆயிரக்கணக்கான கிளைகளுக்குப் பெருக்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரே வேலைக்கு ஒரே வங்கி ஆயிரக்கணக்கான முறை பணம் கொடுத்துக்கொண்டிருந்தது.

மையக் கணினி

எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் கோர் பேங்கிங். ஸ்டேட் வங்கியின் முதல் கிளைகள் 2004-ல் டி.சி.எஸ். நிறுவனத்தின் அமைப்புக்கு மாறின. 2008-ல் எல்லாக் கிளைகளும் மாறி முடிந்தன. வாடிக்கையாளர் "கிளையின் வாடிக்கையாளர்" என்ற நிலை மாறி "வங்கியின் வாடிக்கையாளர்" ஆனார்.

இரண்டு அமைப்புகளைச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி நல்ல உதாரணம். அலகாபாத் வங்கி அதனுடன் 2020 ஏப்ரல் 1-ல் இணைந்தது. ஆனால் இரு வங்கிகளின் மென்பொருளும் ஒன்றானது 2021 பிப்ரவரியில்தான். பத்து மாதம் ஒரே வங்கி இரண்டு அமைப்புகளை ஓட்ட வேண்டியிருந்தது. பழையது முழுதாக நிற்கும் வரை மிச்சம் என்று எதுவும் கைக்கு வராது, இரட்டைச் செலவுதான்.

தபால் நிலையச் சேமிப்பு

வங்கியை விட ஏழைகள் அதிகம் நம்பியது தபால் நிலையத்தை. 1882-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் "சஞ்சய் போஸ்ட்" என்ற மென்பொருள் அலுவலகத்துக்கு அலுவலகம் தனியாக ஓடியது. 2012-ல் அரசு 4,909 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள் வந்தது. 2014 பிப்ரவரியில் நாட்டின் முதல் அஞ்சலக ஏ.டி.எம். சென்னை தி.நகரில் திறக்கப்பட்டது.

மாற்றத்துக்கு முன் ஊழியர்கள் பேரேட்டு இருப்பையும் கணினி இருப்பையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் சரியாக ஏற வேண்டும். மூன்று நிதியாண்டுகள் வரவு செலவு எதுவும் இல்லாத கணக்கு "செயலற்ற கணக்கு" ஆகிவிடும். அதை உயிர்ப்பிக்கப் பாஸ் புத்தகத்தையும் அடையாளச் சான்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். மகள் கல்யாணத்துக்கென்று போட்டுவிட்டு மறந்துபோன பாட்டிக்கு அந்தப் பாஸ் புத்தகம் ஒன்றே சாட்சி. சரிபார்ப்பை அவசரமாக முடித்தால் துறைக்குச் செலவு குறையலாம். அலைச்சல் அவர் தலையில் விழும்.

கவுன்டர் வேலைக்காக டி.சி.எஸ். அமைத்துத் தந்த மென்பொருளும் பின்னர் பழையதாயிற்று. அஞ்சல் துறை தானே உருவாக்கிய ஏ.பி.டி. என்ற அமைப்பு 2025 ஆகஸ்ட் 4-ல் 1.64 லட்சம் அஞ்சலகங்களையும் எட்டியது. ஒரு முறை மாற்றினால் வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

தள்ளிப்போட்டால்

மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியது. இந்தியாவில் ஏராளமான ஏ.டி.எம்.கள் அதற்குப் பிறகும் அதிலேயே ஓடின. பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருள், பூட்டுப் போடாத பெட்டி மாதிரி. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. 2019 ஜூனுக்குள் எல்லா இயந்திரங்களையும் மாற்றச் சொன்னது. தாங்களாகவே நிதானமாகச் செய்திருக்கக்கூடிய வேலையைப் பல வங்கிகள் கெடுவுக்குப் பயந்து செய்தன.

முடிவுரை

பழைய மென்பொருளை நிறுத்தினால் செலவு குறையும் என்பது உண்மைதான். கிளைதோறும் இருந்த சர்வரும் பராமரிப்பும் போனதால் வந்த மிச்சம் அது. ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே சரிபார்ப்புக்குச் செலவழிக்க வேண்டும். ரமணாசிரமம் போன்ற ஒரு சிறிய தபால் நிலையத்தில் ஒருவர் பணம் போடுவது அங்குள்ள கணினியை நம்பி அல்ல. எழுதிக் கொடுத்த இருப்பு எத்தனை ஆண்டு கழித்துக் கேட்டாலும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். கணினி மாறலாம். அந்த எண் மாறக் கூடாது.