பரங்கிமலைச் சங்கிலியும் செல்போன் சில்லும்

திருமுக்கூடல்னு சொன்னாலே சரித்திரப் பதிவு படிக்கிறவங்களுக்கு வீரராசேந்திர சோழன் கல்வெட்டும் அதில் வரும் ஆதுலசாலையும்தான் ஞாபகம் வரும். அதைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. நான் சொல்ல வந்த கதை, எங்க ஊர்லேர்ந்து செங்கல்பட்டு வழியா சென்னைக்குப் போனா வருமே பரங்கிமலை, அங்கே ஆரம்பிச்சது.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வச்சு அளக்க ஆரம்பிச்சார். அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் பக்கத்தில் இன்னொண்ணுன்னு நாட்டையே அளப்பதுதான் திட்டம். ஆனா முதல் முக்கோணத்தில் விழுற சின்னப் பிழை அடுத்ததுக்கும் தொத்திக்கும். போகப் போகக் கூடும். அதனால 1804-ல் பெங்களூர் பக்கம் இன்னொரு கோட்டைத் தனியா அளந்து சரிபார்த்தாங்க. கணக்குக்கும் சங்கிலிக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம்தான்!

சரி, இதுக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்? போனுக்குள்ள ஆக்ஸிலரோமீட்டர், ஜைரோன்னு குட்டிச் சென்சார்கள் இருக்கு. 1990-களில் காரில் ஏர்பேக் வெடிக்க வைக்க வந்த சில்லுகளோட வாரிசுங்க. வேகம் எப்படி மாறுது, எந்தப் பக்கம் திரும்புறோம்னு இதுங்க சொல்லும். அதைக் கூட்டிக்கிட்டே போனா எங்கே இருக்கோம்னு தெரியும். இங்கேயும் அதே வியாதிதான். முடுக்கத்தில் 0.01 மீ/வி² தப்பு இருந்தா ஒரு நிமிஷத்தில் 18 மீட்டர் விலகும். பத்து நிமிஷத்தில் 1,800 மீட்டர்! காஞ்சிபுரம் பெரிய கோயிலுக்குக் கிளம்பினவர் சின்ன காஞ்சிபுரத்தில் நிப்பார் :-)

ஜி.பி.எஸ். இதுக்கு நேரெதிர். அதோட பிழை சில மீட்டர் அங்கே இங்கே ஆடுமே தவிர, நேரம் ஆக ஆகக் கூடாது. ஆனா பாலத்துக்கு அடியிலும் சுரங்கத்திலும் சிக்னல் போயிடும். அந்தக் கொஞ்ச நேரத்தை மலிவுச் சென்சார் சமாளிக்கும். சிக்னல் திரும்பினதும் செயற்கைக்கோள் அதன் கணக்கைத் திருத்தும். ரெண்டில் யாரை எந்த நேரத்தில் எவ்வளவு நம்பணும்னு முடிவு பண்ற கணக்கை 1960-ல் எழுதியவர் ருடால்ஃப் கால்மன். அப்போலோ விண்கலம் நிலாவுக்குப் போனதிலும் அதுக்குப் பங்கு உண்டு.

ஆக, சென்சார் மலிவா இருக்கலாம். திருத்துறவன் நம்பகமா இருக்கணும். அந்தத் திருத்துறவன் அடுத்தவன் கையில் இருந்தா? 1999 கார்கில் போரின்போது கேட்ட ஜி.பி.எஸ். தகவலை அமெரிக்கா தரலைன்னு பரவலா சொல்லப்படுது. 2006-ல் நமக்கான சொந்த அமைப்புக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. 2013 ஜூலை 1-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் செயற்கைக்கோள் போச்சு. 2016-ல் நாவிக்னு பேர் வச்சாங்க.

அதுக்கப்புறமும் சோதனைதான். முதல் செயற்கைக்கோளில் இருந்த மூணு அணுக்கடிகாரமும் கெட்டுப்போச்சு. எல்லாம் வெளிநாட்டில் வாங்கினது. 2023 மே 29-ல் போன என்.வி.எஸ்.-01-ல்தான் நம்ம நாட்டிலேயே செஞ்ச அணுக்கடிகாரம் முதன்முதலா ஏறிச்சு. 2025 ஜனவரியில் போன அடுத்தது, உத்தேசிச்ச சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரலை.

லாம்டன் பெங்களூர்ல ரெண்டாவது கோடு அளந்தது வீண்வேலைன்னு அப்போ யாராவது நினைச்சிருக்கலாம். நாவிக்கையும் "ஜி.பி.எஸ்.தான் இருக்கே, இது எதுக்கு?"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. என்னைக் கேட்டா, சரிபார்க்க நமக்குன்னு ஒரு சங்கிலி வேணும்ங்க.