ஒற்றைப் படி

பழந்தமிழ் நூல்களைக் காத்தவர் யாரெனின் புலவரையும் புரவலரையும் சுட்டுவோம். படியெடுத்தோரை நினைப்பார் அரியர். ஓலைக்குச் செல்லும் ஈரமும் பகை. ஆதலின் ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். அப்படிகள் பல ஊர் மடங்களிலும் வீடுகளிலும் கிடந்தமையால், ஓரூரில் அழிந்தது மற்றோரூரில் எஞ்சிற்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்குப் பல படிகள் கிடைத்ததும் இதனாலேயே.

அச்சு வந்தபின் இக்கவலை குறைந்தது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கட்டுரைகள் நூலாகிப் பல நாடுகளை அடைந்தன.

கணினியோ நம்மை மீண்டும் ஏட்டுக்காலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பிரிக்பீல்ட்சு ஆசிரியர் ஒருவர் பல்லாண்டு திரட்டும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே கணினியில் கிடக்கின்றன. செல்லரித்த ஏட்டிலாவது சில அடிகளைப் படிக்கலாம். பழுதான வன்தட்டில் ஓரெழுத்தும் காண்பது அரிது.

வன்தட்டின் படியையும் அதே மேசையறையில் வைப்போர் பலர். கிள்ளான் பள்ளத்தாக்கில் இது போதாது. 1926-லும் 1971-லும் பெருவெள்ளம் கோலாலம்பூரை மூழ்கடித்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் நீர் ஆளுயரம் ஏறிற்று. ஓரறையில் இருக்கும் இரு படிகள் வெள்ளத்துக்கு ஒரு படியே. தீக்கும் அஃதே. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறிடத்தில் படியிருந்தவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது, ஒற்றைச் சுவடிகளை முடியவில்லை.

ஆதலின் மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் நன்று. ஒன்றேனும் ஈப்போவிலோ பினாங்கிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். படியெடுத்தவுடன் வன்தட்டைக் கணினியினின்று கழற்றிவிடுக. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் இணைந்திருப்பதையும் பற்றும். இணையச் சேமிப்பும் உதவும். எனினும் கணினியோடு ஒத்தியங்குமாறு அமைத்திருப்பின், இங்கே அழித்தது அங்கும் அழியும்.

நம் மொழிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. இந்நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு போன்ற செயலிகளால் தமிழ் கணினியேறியது. ஆனால் யூனிகோடு பரவுமுன் எழுதிய கோப்புகளுள் பல, அக்கால எழுத்துரு இன்றேல் குப்பைக் குறிகளாகவே தோன்றும். அவற்றை இன்றே மாற்றிவைத்தல் வேண்டும். சுவடிக் காலத்தில் ஒருவர் படிக்க மற்றவர் ஒப்புநோக்குவர். நாமும் ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு படியையும் திறந்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தல் தகும்.