மீட்டர் ஓடாத நேரம்

தொலைபேசி இலாகாவில் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் பார்த்தாலும், "லைன் யாருடையது? பில் யார் கட்டுகிறார்கள்?" என்றுதான் முதலில் புத்தி போகும். பேரன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு முகம் தெரியாத பையன்களோடு டிவியில் பந்து விளையாடுவதைப் பார்த்தபோதும் அப்படித்தான் போயிற்று. தேடிப் படித்தேன். கன்சோல்களை இணைத்து ஆடும் பழக்கத்தின் சரித்திரத்தில் பாதி, டெலிபோன் கட்டணத்தின் சரித்திரமாக இருந்தது.

1994 கடைசியில் அமெரிக்காவில் எக்ஸ்பேண்ட் என்றொரு மோடம் விற்பனைக்கு வந்தது. சேகா ஜெனிசிஸ் பெட்டியில் அதைச் செருகி, அதன் மேல் கேம் கேட்ரிட்ஜைச் செருக வேண்டும். வேகம் நொடிக்கு 2400 பிட். அதில் அசையும் படம் போகவே போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. 'மோர்ட்டல் காம்பாட்' இரண்டு வீட்டுப் பெட்டியிலும் தனித்தனியே ஓடும்; யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற சேதி மட்டும் கம்பியில் போகும். இரண்டு பெட்டியும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே சண்டையைக் காட்டும். கம்பெனி சர்வரின் வேலை ஆள் சேர்த்து வைப்பதோடு சரி. அதன்பின் ஒரு வீட்டு மோடம் இன்னொரு வீட்டு நம்பரை நேராக டயல் பண்ணும். அங்கே பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதனால் எதிராளியும் பெரும்பாலும் உள்ளூர்க்காரன்தான். வெளியூர்க்காரனோடு மோதினால் ட்ரங்க் பில் வரும். 1997இல் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள்.

ஜப்பானில் உள்ளூர் அழைப்புக்கும் மீட்டர் ஓடும். 1995இல் அங்குள்ள என்.டி.டி. நிறுவனம் ஒரு திட்டம் கொண்டுவந்தது: இரவு 11 மணி முதல் காலை 8 மணி வரை, முன்பே பதிந்துவைத்த இரண்டு நம்பர்களுக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே மாதக் கட்டணம். நம் ஊரில் இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி. கால்வாசிக் கட்டணம் என்பதற்காக பூத் வாசலில் ஜனம் காத்துக் கிடந்ததே, அந்தக் கதைதான் அங்கும். 1998 நவம்பரில் சேகா நிறுவனம் டிரீம்காஸ்ட் பெட்டியை உள்ளேயே மோடம் வைத்து வெளியிட்டது. வருங்காலம் நெட்வொர்க்கில்தான் என்று உறுதியாக நம்பியவர் அதன் தலைவர் இசாவோ ஒக்காவா. 2000 டிசம்பரில் 'ஃபேன்டஸி ஸ்டார் ஆன்லைன்' வந்தது. நான்கு பேர் கூடி வேட்டைக்குப் போகலாம். பட்டியலிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால், எதிரே இருப்பவருக்கு அது அவர் மொழியில் தெரியும், ஐந்து மொழிகள். ஜப்பானில் கூட்டம் சேர்ந்தது இரவு 11 மணிக்கு மேல். ஆனால் 2001 ஜனவரி முடிவதற்குள் டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்துவிட்டது. மார்ச்சில் ஒக்காவா காலமானார்.

அதே 2001 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் டெலிபோன் ஒயர் செருக இடமே இல்லை. பிராட்பேண்டுக்கான ஈதர்நெட் துளை மட்டும்தான். அன்றைக்கு அமெரிக்காவிலேயே பிராட்பேண்ட் வைத்திருந்த வீடுகள் சிறுபான்மை. துணிச்சல்தான். 2002 நவம்பர் 15இல் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது. 49.95 டாலருக்கு ஒரு வருஷச் சந்தா, கூடவே ஒரு ஹெட்செட். மீட்டர் ஒழிந்தது, பேச்சும் அதே ஒயரில் டேட்டாவாகப் போயிற்று. ஊர்விட்டு ஊர் பேசுகிறார்கள், டெலிபோன் கம்பெனிக்கு ட்ரங்க் கட்டணமாகச் சல்லிக்காசு கிடையாது! என் போன்றவனுக்கு வயிற்றெரிச்சல் வருமா, வராதா?

2004இல் வந்த 'ஹேலோ 2', ஆட்டக்காரரின் திறமையைப் பார்த்து அதற்கேற்ற எதிராளியைத் தானே தேடிக் கொடுத்தது. நண்பர் குழு கலையாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். 2010 ஏப்ரல் 15இல் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான சேவையை நிறுத்தியபோது, பெட்டியை அணைத்தால்தானே தொடர்பு அறும் என்று கொஞ்சம் பேர் அணைக்காமலே ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் வெளியேறும்போது மே மாதம் பிறந்துவிட்டது.

போன மீட்டர் வேறு வேஷத்தில் திரும்பியது. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்ததும் ஆன்லைனில் சேர்ந்து ஆடச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. 2018இல் நின்டெண்டோவும் ஸ்விட்சுக்கு அதையே செய்தது. 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பாத்திரத்துக்கு மாட்டும் உடையைக் காசுக்கு விற்றது. 2021இல் மைக்ரோசாஃப்ட் இம்மாதிரி இலவச ஆட்டங்களுக்குச் சந்தா வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது.

பிள்ளைகள் விடிய விடிய ஆடுகிறார்களே என்று புலம்புகிறவர்கள், கட்டணம் எப்படி மாறியது என்பதையும் ஒருதரம் பார்க்கலாம். நிமிஷக் கணக்கில் பில் வந்த காலமாக இருந்திருந்தால், முதல் மாதமே அப்பா வந்து ஒயரைப் பிடுங்கியிருப்பார்.