கால்வாய் அனுப்பியவர்களும் முகாம் அனுப்பியவர்களும்

அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பனாமா வழியினர் என்று பதிந்தவர்கள் 91,723 பேர். பர்மியர் என்று பதிந்தவர்கள் 16,720 பேர்தான். அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் பர்மியர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2020இல் அது இரண்டு லட்சத்துக்கும் மேல்.

எண்ணிக்கையில் வேகமாகப் பெருகிய பர்மியர்கள் வருமானத்தில் பின்தங்கியே இருக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் தொகுத்த 2019ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி பர்மியக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 44,400 டாலர். ஆசியர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அது 85,800 டாலர். பர்மியர்களில் நாலில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார். பனாமாக்காரர்களின் நிலை வேறு. லத்தீன் அமெரிக்க வழியினர் என்ற பெரிய வகைக்குள் படிப்பிலும் ஆங்கிலத் திறமையிலும் அவர்கள் சராசரிக்கு மேலே நிற்கிறார்கள், வறுமையும் குறைவு.

இப்படி ஒரு பட்டியலைப் பார்த்ததும், இவர்கள் உழைப்பாளிகள், அவர்கள் சூட்டிகை போதாதவர்கள் என்று தீர்ப்பு எழுதுவது எளிது. ஆனால் இந்த இடைவெளியின் காரணம் இரண்டு வேலிகளுக்குள் கிடக்கிறது. ஒன்று, பனாமா கால்வாயின் இரு கரையிலும் அமெரிக்கா ஆண்டுவந்த மண்டலம். மற்றொன்று, தாய்லாந்து எல்லையில் மூங்கிலாலும் இலைக்கூரையாலும் எழுந்த அகதி முகாம்கள்.

1904இல் அமெரிக்கா கால்வாய் வேலையைக் கையில் எடுத்தபோது ஆள் தேடிப் போன இடம் கரீபியன் தீவுகள். பார்படோஸிலிருந்து மட்டும் சுமார் 20,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஜமைக்கா, மார்த்தினிக் தீவுகளிலிருந்தும் வந்தார்கள். மணிக்குப் பத்து சென்ட் கூலி, நாளுக்குப் பத்து மணி நேர வேலை. வெடிமருந்து, மண்சரிவு, நிமோனியா, மலேரியா என்று சாவு பல வழியில் வந்தது. அமெரிக்கர் தோண்டிய பத்து ஆண்டுகளில் இறந்தவர்கள் என்று ஆவணங்கள் சொல்வது 5,609 பேரை. பெரும்பாலோர் இந்தக் கறுப்பினத் தொழிலாளர்கள்.

மண்டலத்தின் சம்பளப் பட்டியல் இரண்டாகப் பிரிந்திருந்தது. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயக் கணக்கு, மற்றவர்களுக்கு வெள்ளி நாணயக் கணக்கு. சம்பளத்தில் தொடங்கிய பிரிவு அங்கேயே நிற்கவில்லை. தபால் நிலையத்தில் ‘தங்கம்’ என்று ஒரு சன்னல், ‘வெள்ளி’ என்று ஒரு சன்னல். மண்டலத்தின் மலிவு விலைக் கடைகளிலும் அதே பிரிவு. குடிநீர்க் குழாய்கூடத் தனித்தனி. லா போக்கா, ரெட் டேங்க் போன்ற வெள்ளிக் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. உயர்நிலை வகுப்புகள் 1940களில்தான் வந்தன.

அது நிறவெறியின் கூடாரம் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புவரை படித்தது ஆங்கிலத்தில். அவர்களுடைய அப்பாக்கள் அமெரிக்க மேற்பார்வையாளருக்குக் கீழே, அமெரிக்கக் கடிகாரப்படி, அமெரிக்கச் சம்பளச் சீட்டு வாங்கி வேலை பார்த்தார்கள். அமெரிக்க அலுவலகம் எப்படி நடக்கிறது என்பதை அமெரிக்க மண்ணை மிதிக்காமலே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. தாத்தா பட்ட அவமானத்தின் ஓரத்தில் பேரனுக்கு ஒரு முதலீடு சேர்ந்திருந்தது.

பனாமா நாடு இவர்களை விரும்பவில்லை. 1941இல் அர்னுல்ஃபோ அரியாஸ் ஆட்சி கொண்டுவந்த அரசியல் சட்டம், ஸ்பானிஷ் தாய்மொழி அல்லாத கறுப்பினக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்றது. பனாமாவிலேயே பிறந்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர் ஆனார்கள். 1946இல் புதிய சட்டம் வந்து நிலைமை தணிந்தாலும் வந்த பயம் போகவில்லை. 1955இல் அமெரிக்காவும் பனாமாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அடுத்த அடி. மண்டலத்துக்கு வெளியே குடியிருந்த தொழிலாளர்களுக்கு மலிவு விலைக் கடையின் கதவு மூடியது. பனாமா அரசின் வருமான வரியும் சம்பளத்தில் விழுந்தது. அதே காலத்தில் வெள்ளிப் பள்ளிகளின் பாடமொழி ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாறியது. மூட்டை கட்ட இவ்வளவு போதாதா?

மூட்டை கட்டியவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி திறந்தே இருந்தது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாடுவாரியாக ஒதுக்கீடு போட்டு ஆசியர்களை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. ஆனால் மத்திய, தென் அமெரிக்கச் சுதந்திர நாடுகளில் பிறந்தவர்களுக்கு ஒதுக்கீட்டுக் கணக்கே கிடையாது. விலக்குப் பட்டியலில் கால்வாய் மண்டலமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. 1952இல் வந்த சட்டம் ஒவ்வொரு காலனிக்கும் ஆண்டுக்கு நூறு பேர் என்று வரம்பு கட்டியது. அதனால் ஜமைக்காவில் பிறந்த தந்தை வரிசையில் நிற்க, பனாமாவில் பிறந்த மகன் விசா வாங்கிக் கப்பல் ஏறினான்.

அவர்கள் போய் இறங்கிய இடம் பெரும்பாலும் நியூயார்க்கின் புரூக்ளின். கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் பிராங்க்ளின் அவென்யூவைச் சுற்றி ஒரு குட்டிப் பனாமா எழுந்தது. பெண்கள் பலர் வீட்டு வேலையிலும் தொழிற்சாலையிலும் தொடங்கி, செவிலியர், ஆசிரியர், மாநகராட்சி ஊழியர் என்று மேலே வந்தார்கள். 1950களில் அங்கே பனாமா வழிப் பெண்கள் தொடங்கிய ‘லாஸ் செர்விடோராஸ்’ என்ற சங்கம் மாணவர்களுக்கு உதவித்தொகை திரட்டியது. வந்து நிலைகொள்வதற்குள் அடுத்தவர் படிப்புக்குப் பணம் சேர்த்த சமூகம் அது.

அந்தத் தலைமுறைகளின் ஏற்றத்தைக் காட்ட ஒரே பள்ளியில் படித்த இருவர் போதும். கென்னத் கிளார்க் 1914 ஜூலையில் கால்வாய் மண்டலத்தில் பிறந்தார்; அடுத்த மாதம் கால்வாய் திறந்தது. அவருடைய தாய் மிரியம், சிறு பிள்ளைகளோடு நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், தொழிற்சங்கத்திலும் முன்னின்றார். மகனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பச் சொன்னபோது மறுத்து, ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் கிளார்க். அவரும் மனைவி மேமியும் பொம்மைகளை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. பிற்காலத்தில் அதே பள்ளியில் படித்தவர் ராட் கேரூ. 1945இல் கால்வாய் மண்டல ரயிலில் பிறந்தவர். பிரசவம் பார்த்த டாக்டர் ராட்னி கிளைனின் பெயரையே வைத்தார்கள். 3,053 ஹிட் அடித்து 1991இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இன்னொரு ஏணி ராணுவம். கால்வாயைக் காக்க நின்ற அமெரிக்கப் படைத்தளங்களில் வேலை பார்த்தவர்களும், சிப்பாய்களை மணந்தவர்களும், தாங்களே சீருடை போட்டவர்களும் டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா மாநிலத் தளங்களை ஒட்டிக் குடியேறினார்கள். ராணுவச் சம்பளம், இலவச மருத்துவம், படிப்பு உதவி, ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்து வந்தன. கால்வாயை ஒப்படைக்கும் 1977ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, மண்டலத்தில் நீண்டகாலம் உழைத்த பனாமாக்காரர்களுக்கென்றே அமெரிக்கச் சட்டத்தில் தனி விசாப் பிரிவும் வந்தது.

பர்மாக் கதையின் முதல் அத்தியாயம் தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். 1962இல் ஆட்சியைப் பிடித்த நீ வின், கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கினார். 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறிய தமிழர்களுக்குச் சென்னையில் பர்மா பஜார் கிடைத்தது. அதே அடியால் பெயர்ந்த சீன வழியினரும் படித்த பர்மியரும், 1967இல் ரங்கூனில் நடந்த சீன எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு கூடுதலாக, அமெரிக்காவை நோக்கினார்கள். அங்கே 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியர்களுக்கான கதவைத் திறந்துவிட்டிருந்தது. தொழில் தகுதி உள்ளவருக்கு முன்னுரிமை. டாக்டர்களும் பொறியாளர்களும் வியாபாரிகளுமாகக் கலிபோர்னியாவில் இவர்கள் தழைத்தார்கள். படித்த பர்மியக் குடும்பம் ஒன்று எதுவரை போக முடியும் என்பதற்கு மி மி ஆங் சாட்சி. பெற்றோர் இருவரும் இல்லினாய்ஸில் ஆராய்ச்சி முடித்தவர்கள். பர்மாவிலும் மலேசியாவிலும் வளர்ந்து பதினாறு வயதில் அமெரிக்கா திரும்பிய மி மி ஆங், நாசாவில் பொறியாளர் ஆனார். 2021 ஏப்ரலில் செவ்வாயில் பறந்த சிறு ஹெலிகாப்டர் திட்டத்தின் தலைவர் அவர்தான்.

ஆனால் இன்றைய பர்மியப் புள்ளிவிவரத்தைத் தீர்மானிப்பது இந்தக் கூட்டமல்ல. மலைநாட்டுக் கரேன் மக்கள் 1984 முதலே ராணுவத் தாக்குதலுக்குப் பயந்து தாய்லாந்து எல்லையைக் கடந்தார்கள். அங்கே ஒன்பது முகாம்கள் எழுந்தன. மே சோட் நகரத்துக்கு அருகிலுள்ள மே லா தான் பெரியது. தாய்லாந்து 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. பல பத்தாண்டுகளாக முகாம்வாசிகள் வெளியே போய் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. நிரந்தரக் கட்டடம் கூடாது என்பதால் வீடெல்லாம் மூங்கில்தான். மாதாமாதம் அரிசி, பயறு, எண்ணெய், மீன் விழுது அளந்து கொடுத்தார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே மணமாகி, சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடக் கண்ணால் பாராத தலைமுறை வளர்ந்தது.

2005 முதல் அமெரிக்கா இவர்களைக் கூட்டமாக அழைத்துக்கொள்ள முன்வந்தது. உடனே ஒரு சிக்கல். கரேன் போராளிகளுக்கு ஒரு பிடி சோறு போட்டவரும் ஆயுதக் குழுவுக்கு உதவியவர் என்று பயங்கரவாதத் தடைச் சட்டம் சொன்னது. 2006இல் விலக்கு கொடுத்த பிறகுதான் விமானங்கள் கிளம்பின. 2014 தொடக்கத்துக்குள் தாய்லாந்து முகாம்களிலிருந்து மட்டும் 73,000க்கும் மேற்பட்டோர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பர்மாவின் சின் இனத்தவர் மலேசியா, டெல்லி வழியாக வந்தார்கள். இறங்கிய கையோடு தலையில் ஒரு கடன் வேறு: விமானக் கட்டணத்தைத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும்.

மினசோட்டாவின் செயின்ட் பால் கரேன்களின் ஊராயிற்று. இண்டியானாபொலிஸின் தென்புறம் சின் மக்களின் ஊராயிற்று. வேலை கொடுத்தவை இறைச்சித் தொழிற்சாலைகள். 2006 டிசம்பர் 12 அன்று ஸ்விஃப்ட் நிறுவனத்தின் ஆறு ஆலைகளில் குடிவரவு அதிகாரிகள் ஒரே நேரத்தில் புகுந்து, ஆவணமில்லாத தொழிலாளர்கள் என்று சுமார் 1,300 பேரைப் பிடித்தார்கள். அதற்குப் பின் ஆலைகளுக்குக் காகிதம் சரியாக உள்ள ஆள் தேவைப்பட்டது. அகதிகளிடம் வேலை அனுமதி இருந்தது, ஆங்கிலம் இல்லை. அந்த வேலைக்கு ஆங்கிலமும் வேண்டியதில்லை. குளிர்ந்த கூடத்தில் நகரும் பட்டையின் முன்னால் கத்தியோடு நின்று, ஒரே வெட்டை நாள் முழுக்க வெட்ட வேண்டும். அமெரிக்கா போன மூன்றாம் மாதமே சம்பளம் வந்தது. கூடவே மணிக்கட்டு வலியும் வந்தது. கூடத்தின் இரைச்சலில் ஆங்கிலம் கற்க வாய்ப்பில்லை, ஓவர்டைம் முடிந்தபின் மாலை வகுப்புக்குத் தெம்பில்லை. ஆகவே முதல் வேலையே பலருக்குக் கடைசி வேலையும் ஆயிற்று.

கைகொடுத்தது தேவாலயம். அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் அதோனிராம் ஜட்சன் ரங்கூனில் இறங்கியது 1813இல். அவருடைய சபையினர் மலைநாட்டில் நட்டது இருநூறு ஆண்டு கழித்துப் பலன் தந்தது: ஆளில்லாமல் மூடும் நிலைக்கு வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் தேவாலயங்கள் சிலவற்றின் பெஞ்சுகளைக் கரேன்களும் சின்களும் நிரப்பினார்கள். வேலை, வீடு, கார், டாக்டர் என்று எல்லாத் தகவலும் அங்கேதான் கைமாறுகிறது. ஒரே கூரையின் கீழ் நான்கைந்து பேர் சம்பாதிப்பதால், இண்டியானாபொலிஸில் சின் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கவும் தொடங்கிவிட்டன.

பனாமாக்காரர் கதையிலும் எல்லாம் ஏறுமுகம் இல்லை. ஆங்கிலம் கொடுத்ததை நிறம் பறித்தது. வாடகை வீடு தேடும்போதும் பதவி உயர்வின்போதும் அவர்கள் கறுப்பர்கள்தான். அரசுப் படிவத்தில் மட்டும் லத்தீன் அமெரிக்கர். அந்த வகைக்குள் கட்டட வேலைக்கும் பண்ணை வேலைக்கும் வந்தவர்களோடு சேர்த்து எண்ணும்போது இவர்கள் உயரமாகத் தெரிகிறார்கள். பர்மியர்களையோ விசாவில் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த இந்திய, சீனப் பொறியாளர்களோடு ஒரே வகையில் நிறுத்தி அளக்கிறார்கள். பர்மியர் என்ற ஒரே வரிக்குள் கலிபோர்னியா டாக்டரும், செயின்ட் பால் இறைச்சி ஆலைத் தொழிலாளியும், மில்வாக்கியின் ரோஹிங்கியா அகதியும் அடக்கம். இந்தச் சராசரி இவர்களில் ஒருவருக்குக்கூடப் பொருந்தாது.

இரண்டு சமூகங்களையும் ஒப்பிட வேண்டுமானால் வந்த ஆண்டை வைத்து ஒப்பிடுவதே நியாயம். ஹார்லெம் தையல் ஆலையில் மிரியம் கிளார்க் நின்ற காலமும், இறைச்சிக் கூடத்தில் கரேன் தாய் இன்று நிற்கும் காலமும்தான் சம காலங்கள். அப்படிப் பார்த்தால், பர்மிய அகதிகள் முதல் இருபது ஆண்டை இப்போதுதான் முடித்திருக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் கல்லூரிப் பட்டத்தோடு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வரவிருந்தவர்களுக்கு வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் சேர்க்கையை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூன் 9 அன்று, குடிமக்கள் நுழைய முழுத் தடை விதிக்கப்பட்ட பன்னிரண்டு நாடுகளில் பர்மாவும் ஒன்று.