பால்ரஸ் குண்டும் போகிமான் பந்தும்

எங்கள் தெருவுக்கு வந்த முதல் கேம்பாய் கலர், கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் கொண்டுவந்தது. தூத்துக்குடியில் சென்ட் பாட்டில், சாக்லேட், டேப் ரெக்கார்டர் எல்லாமே இப்படித்தான், கடைக்கு வருமுன் மாமாக்களின் பெட்டியில் வந்து இறங்கும். கேம்பாயோடு இருந்தது ஒரே ஒரு கேசட்: 1999-ல் நிண்டெண்டோ வெளியிட்ட 'போகிமான் பின்பால்'.

மூல போகிமான் விளையாட்டில் ஊர் ஊராக அலைந்து, போகிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடித்து, சண்டைக்கு விட்டு வளர்க்க வேண்டும். அதன் கிளையான இதில் அலைச்சலும் இல்லை, சண்டையும் இல்லை. பந்தைத் தட்டித் தட்டியே 150-க்கு மேற்பட்டவற்றைப் பிடிக்க வேண்டும். "ஏல, இது வெறும் அதிர்ஷ்டம். இதுல என்ன திறமை இருக்கு?" என்று பெரியம்மா மகன் அண்ணன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். தெரு இரண்டு கட்சியானது.

அண்ணன் எழுப்பிய கேள்விக்கு வயது அதிகம். நாங்களே அதற்கு முன் ஆணி அடித்த பேகடெல் பலகையில், லாரி பட்டறையில் கேட்டு வாங்கிய பால்ரஸ் குண்டை ஸ்பிரிங்கால் தள்ளி விளையாடியவர்கள்தான். அந்த ஸ்பிரிங்குக்கு அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ் காப்புரிமை வாங்கியது 1871-ல். பந்தைத் திருப்பி அடிக்கும் துடுப்புகள் 1947-ல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற பின்பால் இயந்திரத்தில்தான் வந்தன. அதுவரை குண்டை விட்டால் விட்டதுதான், பிறகு வேடிக்கை பார்க்கலாம். சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் நியூயார்க் நகரம் பின்பாலைத் தடைசெய்தது. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபையார் முன்னால் பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே அடித்துக் காட்டினார். தடை நீங்கியது.

எங்கள் தெருவில் அந்த வேலையைச் செய்தது நீலப் பலகை. கேசட்டில் சிவப்பு, நீலம் என இரண்டு பலகைகள். நீலத்தில் மூன்று ஷெல்டர்கள், அதாவது சிப்பிகள், பட்ட பந்தைத் தெறிக்கவிடும். வலப்பக்கம் கிளாய்ஸ்டர் என்ற பெரிய சிப்பி. விளக்குகள் எரிந்தபின் அதன் வாய்க்குள் பந்தைச் செலுத்தினால் பிடிக்கும் கட்டம் தொடங்கும். சிப்பிகளில் பந்து பட பட, மூடிய போகிமான் படம் துண்டு துண்டாகத் திறக்கும். கெடு முடிவதற்குள் முழுசாகத் திறந்து, பிடித்தும் ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தாத்தா சங்கு குளித்தவர், அரசு முத்துக்குளிப்பிலும் முங்கியவர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு. அரசுப் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. அண்ணன் சொன்னதைக் கேட்டு அவர் சொன்னார்: "உள்ள முத்து இருக்கா இல்லையாங்கறது அதிர்ஷ்டம்தான். ஆனா மூச்சடக்கத் தெரியாதவனுக்குச் சிப்பியே கிடைக்காதுலே." இந்த விளையாட்டைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. எது வரும் என்பது நம் கையில் இல்லை, பந்தைக் கீழே விடாமல் காப்பது முழுக்க நம் கட்டைவிரலில்.

அண்ணன் சொன்ன வேறொரு குறை நியாயமானது. பந்து மேல்பாதியிலிருந்து கீழே இறங்கும்போது திரை நகராது, சட்டென்று மாறும். கண் சுதாரிப்பதற்குள் பந்து போய்விடும். ஆனால் கேசட்டுக்குள் ஒரு குட்டி மோட்டார் இருந்தது, அதற்கென்று தனியாக ஒரு மெல்லிய பென்சில் செல். பந்து மோதும்போது உள்ளங்கை அதிரும். டிவி ரிமோட்டிலிருந்து செல்லைக் கழற்றிப் போட்டு, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். செல் இல்லாமலும் விளையாடலாம், நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

2003-ல் வந்த 'ரூபி, சஃபையர்' பின்பாலைப் பின்னாளில் விளையாடிப் பார்த்தேன். திரை பந்தோடு அழகாக நகர்கிறது, பலகைகளும் செழிப்பு. கேசட்டில் மோட்டார் கிடையாது. அண்ணன் இந்த 2003 விளையாட்டைத்தான் மெச்சுகிறான். நான் 1999-ன் நீலப் பலகைக் கட்சி.